பதினோரு மாச வீடு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பக் கழத்த வேண்டாம், இந்த ஊர்ல யாரும் கழத்தமாட்டாவ. மூச்சு வாங்குதோ? ரெண்டு மாடிதான், ஆனா படி செங்குத்தா நிக்கும். லிஃப்ட் கிடையாது. ஏஜென்சியில அதச் சொல்லியிருக்கமாட்டாவளே? சொல்லமாட்டாவ. அந்த நாற்காலியில உக்காருங்க. இது ஆடும்.

தமிழ்தான்னு நீங்க படியேறும்போதே தெரிஞ்சுபோச்சு. 'அப்பறம் பேசறனுங்கம்மா'ன்னு போன்ல சொல்லிக்கிட்டே ஏறுனிய. கோயம்புத்தூர்ப் பக்கம், சரியா? ஏஜென்சியில, 'இந்தியாக்காரர், கம்ப்யூட்டர் வேலை, பேரு சிபி, பத்து மணிக்கு வீடு பாக்க வருவாரு, காட்டிவிடு'ன்னு மட்டுந்தான் சொன்னாவ. நான் தூத்துக்குடி. செல்வதாசன் ரொட்ரிகோ. பேரக் கேட்டு முழிக்காதிய. எங்க ஊர்க் கடக்கரையில பாதிப் பேருக்கு இப்படித்தான், ரொட்ரிகோ, பர்னாந்து, மச்சாதுன்னு இருக்கும். எப்பமோ போர்ச்சுகீசுக்காரன் ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போனான், பேரு நின்னுபோச்சு.

பார்சிலோனாவுல அந்தப் பேரு எனக்கு நல்லதாப் போச்சு. கீழ பெல்லுக்குப் பக்கத்துல 'ரொட்ரிகோ'ன்னு எழுதியிருக்கறதப் படிச்சா எவனும் வெளிநாட்டுக்காரன்னு நெனைக்கமாட்டான். ஆள நேர்ல பாத்தாத்தான் ஒரு நொடி திகைப்பான். நானும் என்னைய வெளிநாட்டுக்காரன்னு நெனைக்கறதில்ல. பதினாறு வருஷம் ஆச்சு தம்பி.

கீழ வாசல்ல இருக்கற கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டியளா? உங்கள ஒண்ணும் செய்யமாட்டாவ. உள்ள வாரவங்கள அவங்க தடுக்கறதில்ல, பூட்டுத் தெறக்க வாரவனத்தான் தடுப்பாவ. இன்னைக்கு வியாழக்கெழம, பதினோரு மணிக்கு என்னைய இந்த வீட்ட விட்டு வெளியேத்த கோர்ட்டு ஆளு, போலீசு, பூட்டுக்காரன் எல்லாரும் வாரதா ஏற்பாடு. விடக்கூடாதுன்னு இந்தப் பகுதிச் சங்கத்துக்காரங்க காலையில எட்டு மணிக்கே வந்து வாசல அடைச்சு உக்காந்துட்டாவ. கைதட்டிக்கிட்டு ஒண்ணு சொல்லுதாவளே, கேக்குதா? 'ரொட்ரிகோ போகமாட்டான், ரொட்ரிகோ இங்கதான்.' என் பேர இம்புட்டுப் பேரு சேந்து சொல்லி நான் கேட்டதில்ல, என் கல்யாணத்துலகூட.

நடுவுல மடக்கு நாற்காலி போட்டு, ஊன்றுகோல மடியில குறுக்க வச்சுக்கிட்டு ஒரு கெழவி இருக்காளே, செவப்புக் கம்பளிச் சட்ட, அவதான் பெப்பா. எழுவத்திரெண்டு வயசு. தங்கச்சி இருக்கற ஊர்லேருந்து நாலு மணி நேரம் பஸ்ல வந்திருக்கா, எனக்காக.

வெளியேத்தப்போற ஆளையே வீட்டக் காட்டச் சொல்லுதாவளேன்னு கேக்கியளா? அதத்தான் சொல்ல வாரேன். இப்பம் கீழ எறங்காதிய தம்பி. வீடு பாக்க வந்த ஆளுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் சங்கடம், எனக்கு அதவிடச் சங்கடம். பதினோரு மணி தாண்டட்டும். காப்பி போடுதேன். வீடு இவ்வளவுதான், இங்க உக்காந்தே முழுசும் பாத்துறலாம். இது அடுப்பு, அது படுக்கை, அந்தக் கதவு கக்கூசு. ஜன்னலத் தெறந்து கழுத்த நீட்டுனா கடலு ஒரு கை அகலம் தெரியும். விளம்பரத்துல 'கடல் பார்த்த வீடு'ன்னு போட்டிருப்பாவ.

இந்த ஊரு கெட்டதே வெளிநாட்டுக்காரங்களாலதான். உங்களச் சொல்லல. நான் வந்தப்ப இந்தக் கட்டடத்துல பன்னெண்டு வீடு, பன்னெண்டுலயும் இந்த ஊரு ஆளுக. பஸ் ஓட்டுறவன் ஒருத்தன், மார்க்கெட்டுல மீன் வெட்டுறவ ஒருத்தி, தச்சுவேலைக்காரன் ஒருத்தன். சண்டை போட்டா நாலு மாடிக்கும் கேக்கும். இப்பம் எண்ணிப் பாத்தா ஒம்பது வீட்ல வெளியாளு. ஹாலந்துக்காரி, ஜெர்மன்காரன், அமெரிக்காக்காரங்க ரெண்டு வீடு. எல்லாம் லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு, சம்பளம் அங்கேருந்து வரும், வெயிலு இங்க அடிக்கும். கெட்ட ஆளுகன்னு சொல்லமாட்டேன். படியில பாத்தாச் சிரிப்பாவ. ஆனா வீடு பாக்க வந்து நின்னு, வாடகையச் சொன்னதும், 'இவ்வளவுதானா?'ன்னு கேப்பாவ பாருங்க, அதுலதான் ஊரே போச்சு. அதக் கேட்ட அன்னைக்கே அடுத்த வீட்டுக்காரனுக்கு வாடகை ஏறும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, கூட நின்னு கேட்டவன் நான்தான். அந்த ஏஜென்சிக்குச் சாவி குடுக்கறது, வீடு காட்டுறது, பெட்டி தூக்குறதுதான் என் வேலை. வந்தவங்க போன பொறவு ஏஜென்சியிலேருந்து கிளாரா போன் பண்ணுவா. 'வாடகையச் சொன்னப்ப மொகம் எப்படி இருந்துது, தாசன்?' நான் உள்ளதச் சொல்லுவேன். 'கொறச்சலுன்னு நெனைக்காவ மேடம்.' எனக்குப் பொய் சொல்ல வராது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி டூரிஸ்டுக்காரங்க வேண்டாம்னு ஊர்வலம் போனாவ. நானும் ஓரமா நின்னு கைதட்டுனேன். நல்ல காரியந்தானே? ஒரு பொண்ணு ஓடி வந்து தண்ணித் துப்பாக்கியால என் மூஞ்சியில அடிச்சுட்டா. ஏம்மா, நான் இந்தத் தெருக்காரன்னு கத்துதேன், அவ காதுலயே வாங்கல. பக்கத்துல நாலு பெட்டி வச்சிருந்தேன்ல, ஸ்வீடன்காரக் குடும்பத்தோடது. அதப் பாத்துத் தப்பா நெனைச்சிருப்பா.

பெப்பாவச் சொல்லுதேன். நான் வந்தது கப்பல்ல. மெஸ்ஸுல வேலை. ரெண்டு மாசச் சம்பளம் நிக்கவும், பார்சிலோனாவுல எறங்குனவன் திரும்ப ஏறல. ஒரு ரூம்ல பதினொரு பேரு படுத்துக் கெடந்தோம், பாகிஸ்தான்காரங்க, பங்களாதேசுக்காரங்க, நான் ஒரு தூத்துக்குடிக்காரன். ஒரு பார்ல பாத்திரம் கழுவப் போனேன். அங்க சமையக்காரி பெப்பா. கரண்டியால அடுப்பத் தட்டித்தான் பேசுவா. எனக்கு மொழி தெரியாது, அதனால மத்தவனத் திட்டுறதையும் என்னையத் திட்டுறதையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். அதுலயே அவளுக்கு என்னையப் பிடிச்சுப்போச்சு.

இந்த ஊர்ல பத்ரோன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? எந்த வீட்ல இருக்கம்னு நகராட்சியில பேரு பதியணும். கள்ளத்தனமா வந்தவனும் பதியலாம். அப்பமெல்லாம் மூணு வருஷம் அப்படிப் பேரு இருந்தா, இவன் இங்கதான் இருக்கான்னு அத்தாட்சி, அத வச்சு விசா கேக்கலாம். ஆனா பேரு பதிய வீட்டுக்காரங்க ஒத்துக்கிடணும். எங்க ரூம்காரன் ஒத்துக்கிடல. எவன் ஒத்துக்கிடுவான்? எப்படியோ பெப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு நாளு மத்தியானம் ஏப்ரன் போட்டபடியே என் கையப் பிடிச்சு நகராட்சிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. கவுண்டர்ல இருந்தவன், 'இவரு உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டான். 'பாத்திரம் கழுவுறவன்'னு சொன்னா. 'உங்க வீட்லயா இருக்காரு?' 'வேற எங்க இருப்பான்? எழுது.' மூணாம் மாடி, முதல் கதவு. இதுக்கு நேர மேல உள்ள வீடுதான். ஒரு நாளுகூட நான் அங்க படுத்ததில்ல. ஒரு காசு கேக்கல. மத்த எடத்துல அதுக்குத் தனி விலை இருக்கு தம்பி.

அந்தப் பேருலதான் எனக்கு விசா கெடச்சுது. இந்த வீடு காலியானப்பவும், அப்பம் இருந்த பழைய ஓனர்கிட்டப் பேசி வாங்கிக் குடுத்தது அவதான். குடிவந்த அன்னைக்கு நான் பால் காய்ச்சுனேன். பொங்கி வழியட்டும்னு பாத்துட்டு நிக்கேன், அவ ஓடிவந்து அடுப்ப அணைச்சுட்டு, 'கோட்டிப்பயலே, வந்த அன்னைக்கே வீட்ட எரிக்கப் பாக்கியா?'ன்னு தொடைக்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு வெளக்கம் சொல்ல எனக்கு வார்த்தையில்ல. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு.

எனக்கு வீடு ஏன் அவ்வளவு முக்கியம்னு கேளுங்க. ஜெசிந்தாவக் கொண்டுவரணும். என் வீட்டுக்காரி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், அதுல சேந்து இருந்தது மொத்தமாக் கூட்டுனா ரெண்டு வருஷம் வராது. பொண்டாட்டியக் கூப்பிட விசா மட்டும் பத்தாது, நல்ல வீடு இருக்குன்னு இங்க அரசாங்கத்து ஆபீசுல ஒரு சர்டிபிகேட் வாங்கணும். அதுக்கு வாடகை ஒப்பந்தம் பக்காவா இருக்கணும். இந்தா, அந்தச் செவுத்துல ஆணி தெரியுதுல்ல? அவ படத்த மாட்டுனது. நேத்துத்தான் கழத்தி வச்சேன்.

உங்க வீட்டுக்காரம்மா அடுத்த மாசம் வாராவளா? மாசமா இருக்காவளா? நல்லது தம்பி. நல்லது.

மூணு வருஷம் முந்தி அக்டோபர்ல பெப்பா இந்தப் படியில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. ஆபரேசன் முடிஞ்சு தங்கச்சி வீட்டுக்குப் போனா. படியேற முடியாதுல்ல. அதே சமயத்துலதான் பழைய ஓனர் செத்து, அவரு பிள்ளைக கட்டடத்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வித்துட்டாவ. கம்பெனிக்காரன் மொகத்த நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல. எல்லாம் கிளாரா மூலமாத்தான்.

மார்ச் மாசம் கிளாரா என்னையக் காப்பிக்கடைக்குக் கூப்பிட்டா. எனக்கு ஒரே பயம். என் ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம்தான் இருந்துது. ஜெசிந்தாவுக்கு மனுப் போடணும்னா இன்னும் காலம் வேணும். அவ சிரிச்சுக்கிட்டே, 'கவலப்படாத தாசன், உனக்குப் புது ஒப்பந்தம் போட்டுருக்கோம். நீ எங்க ஆளு'ன்னா. ரெண்டு பேப்பர வச்சா.

மொதல் பேப்பரு புது ஒப்பந்தம். எத்தன வருஷம்னு கேட்டேன். பதினோரு மாசம்னா. எனக்கு உசுரு வந்துது தம்பி! நீங்களே சொல்லுங்க, நம்ம ஊர்ல வாடகை ஒப்பந்தம்னா எத்தன மாசம்? பதினோரு மாசம்! எங்க அப்பா தூத்துக்குடியில ஒரே வீட்ல இருவத்தாறு வருஷம் பதினோரு பதினோரு மாசமா இருந்தாரு. முடியும், புதுசா ஒரு பேப்பரு வாங்குவம், கையெழுத்துப் போடுவம், மிச்சர் திம்பம். இங்கயும் நம்ம மாதிரித்தான் போலன்னு நெனைச்சேன். இந்த ஊர்ல எல்லாம் தலகீழா இருக்கே, இது ஒண்ணாச்சும் நம்ம ஊரு மாதிரி இருக்கேன்னு ஒரு சந்தோசம். கிளாராகிட்டயும் சொன்னேன், 'எங்க ஊர்லயும் இதேதான் மேடம்.' 'அப்படியா, ரொம்ப நல்லது'ன்னா. போட்டுட்டேன்.

ரெண்டாவது பேப்பரு ஒண்ணுமில்ல, ஒரு சாட்சிக் கையெழுத்து. அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் மூணாம் மாடி முதல் கதவு வீட்ல யாரும் குடியிருக்கல, பக்கத்துல இருக்கற நான் அறிவேன்னு நாலு வரி. நெசந்தானே? யாரும் இல்லதானே? நம்ம ஊர்ல பத்திரம் பதியற ஆபீசு வாசல்ல நின்னா, முன்னபின்ன தெரியாதவனுக்கே ஒரு டீக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவம். நான் அப்படித்தான் போட்டேன். தமிழ்லதான் போடுவேன், எப்பவும். டீ இல்ல, காப்பி.

இடுப்பு முறிஞ்சதப் பத்தி அதுல ஒரு வரி இல்ல. அது உண்மைதான். ஆனா அத எழுதுனது நான் இல்லயே?

 சரி. காப்பி ஆறுது, குடிங்க.

பெப்பா பேர்ல இருந்தது அந்தக் காலத்து ஒப்பந்தம். சாகுற வரைக்கும் வாடகைய ஏத்த முடியாது, வெளியேத்த முடியாது. ஒரே ஒரு நிபந்தன, அந்த வீட்லதான் குடியிருக்கணும். இதெல்லாம் எனக்கு அப்பம் தெரியாது. கொஞ்சந் தெரியும். முழுசாத் தெரியாது.

ஏப்ரல்ல அவ ஊன்றுகோலோட திரும்பி வந்தா. ஒவ்வொரு படியா முக்கால் மணி நேரம் ஏறுனா, நான்தான் பின்னால நாற்காலியத் தூக்கிக்கிட்டே போனேன், முடியாதப்ப உக்கார. மே மாசம் கோர்ட்டுலேருந்து கடுதாசி வந்துது. ஒரு வருஷத்துக்கு மேல வழக்கு நடந்துது. ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் அவ குடுத்தாதான். ஆனா அந்தப் பக்கம் வக்கீலு பெரிய வக்கீலு. தோத்துப்போனா.

மொதத் தடவ வெளியேத்த வந்தப்ப, இதே சங்கத்துக்காரங்க உக்காந்து திருப்பி அனுப்பிட்டாவ. ரெண்டாந்தடவ காலையில ஏழு மணிக்கு, சொல்லாம, ரெண்டு வேன் போலீசோட வந்தாவ. நான் அன்னைக்கு வேலைக்குப் போயிட்டேன். விமானத்துல ஒரு குடும்பம் வருது, சாவி குடுக்கணும். லீவு கேட்டேன், குடுக்கல. கேட்டேன்னுதான் நெனைக்கேன்.

சாயங்காலம் வந்து பாத்தா, தெருவுல மெத்தை, பாத்திரம், ஒரு மரப் பெட்டி. அவ நடைபாதையில உக்காந்து பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏதோ குழம்பு வைக்க வெளக்கம் சொல்லிட்டிருக்கா. தங்கச்சி மகன் வண்டி கொண்டாந்திருந்தான். நான் பெட்டிகளத் தூக்கி ஏத்துனேன். எல்லாம் ஏத்தி முடிச்ச பொறவு என் கையப் பிடிச்சுப் பாத்தா. 'உன் கையெழுத்து ரொம்ப அழகு, தாசன்'னா. 'பூ வேல செஞ்ச மாதிரி. உங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவீங்களா?' நான் ஆமான்னேன். வண்டி போயிருச்சு.

என் கையெழுத்த அவ எங்க பாத்தான்னு ரொம்ப நாளு யோசிச்சேன். பத்ரோன் பதிஞ்சப்ப பாத்திருப்பா, பதினாறு வருஷம் முந்தி, அத ஞாபகம் வச்சிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இல்ல தம்பி. கோர்ட்டுலதான் பாத்திருக்கா. எனக்குத் தெரியும். அவ முன்னால அந்தப் பேப்பர வச்சு வாசிச்சிருப்பாவ. நான் என்ன சின்னப் பிள்ளையா, தெரியாம இருக்க?

அதுக்குள்ள என் பதினோரு மாசம் வந்து போயிருந்துது. புதுப் பேப்பருக்குக் காத்திருந்தேன், வரல. கிளாராகிட்டக் கேட்டா, 'பாக்கலாம் தாசன், நீ இரு'ன்னா. சரி, வாயால சொல்லிட்டாளேன்னு ஜெசிந்தாவுக்கு மனுப் போடப் போனேன். அந்த சர்டிபிகேட் ஆபீசுல ஒரு பொண்ணு, சின்ன வயசு, என் ஒப்பந்தத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தா. 'இது சீசன் ஒப்பந்தம். படிக்க வாரவங்க, கொஞ்ச நாளு வேலைக்கு வாரவங்களுக்குப் போடுறது. இத வச்சு உங்க மனைவியக் கூப்பிட முடியாது. இது ஏற்கெனவே முடிஞ்சும்போச்சு.' நான் சொன்னேன், எங்க ஊர்ல பதினோரு மாசம்னா அது தொடர்ந்துக்கிட்டே போகும்மான்னு. அவ பாவமாப் பாத்தா. 'இங்க பதினோரு மாசம்னா பதினோரு மாசம்தான் சார். முந்தி உங்ககிட்ட இருந்த ஒப்பந்தமே நல்லா இருந்துதே, அத ஏன் விட்டீங்க?'

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தேன். ஜெசிந்தா போன் பண்ணா. 'என்ன சொன்னாவ?'ன்னா. 'நாளைக்கு வரச் சொல்லியிருக்காவ'ன்னேன். அவளுக்கு இன்னும் அந்த நாளை வரல. பெட்டி வாங்கி வச்சிருக்கா, சக்கரம் வச்ச பெட்டி. வீடியோவுல உருட்டிக் காட்டுனா.

பெப்பா வீட்டுக்கு ஹாலந்துக்காரி ஒருத்தி வந்தா, பேரு மரீக்கே. பெப்பா குடுத்ததப் போல அஞ்சு மடங்கு வாடகை. நான்தான் காட்டுனேன், சாவி குடுத்தேன். நல்ல பொண்ணு. முந்தி இங்க யாரு இருந்தாங்கன்னு கேட்டா. ஒரு கெழவி, சொந்த ஊருக்குப் போயிட்டான்னு சொன்னேன். இன்னைக்கு அவளும் கீழ உக்காந்திருக்கா, பாத்தியளா, நீலக் குல்லா. எல்லாருக்கும் ரொட்டி கொண்டாந்து குடுக்கா. இவங்க வந்துதான் வாடகை ஏறிச்சு, இவங்களே வந்து உக்காந்து கைதட்டுதாவ. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

போன வருஷக் கடைசியில என்னையும் வெளியேத்தச் சொல்லி வழக்குப் போட்டாவ. ஆமா, வேலையும் குடுத்துட்டு, வழக்கும் போட்டாவ. கிளாராகிட்டக் கேட்டா, 'அது வேற டிபார்ட்மெண்டு'ன்னா. நான் யாருகிட்டயும் சொல்லல. சங்கத்துக்குப் போக எனக்கு மொகம் இல்ல. எப்படியோ பெப்பா காதுக்குப் போயிருச்சு. அங்கேருந்து போன் பண்ணி ஒரு மணி நேரம் திட்டுனா. 'என்னையக் கூப்பிடாம யாரக் கூப்பிடுவே? எனக்குத்தான் இதுல அனுபவம் இருக்கு'ன்னா. அவளே சங்கத்துக்குப் பேசி, அவளே ஆளத் திரட்டி, அவளே பஸ் ஏறிட்டா. கையெழுத்தப் பத்தி ஒரு வார்த்த? இல்ல. ஒத்த வார்த்த சொல்லியிருந்தான்னா, நான் 'ஆமா, போட்டேன், தெரியாமப் போட்டேன்'னு காலுல விழுந்திருப்பேன். சொல்லாம இருக்காளே, அதுதான் என்னைய அறுக்குது.

வெளியேத்தப்போற ஆளே ஏன் வீட்டக் காட்டுதான்னு கேட்டியளே, இப்பம் அதுக்கு வாரேன். மூணு நாளைக்கு முந்தி கிளாரா என்னையக் கூப்பிட்டா. அதே காப்பிக்கடை. 'எதுக்கு தாசன் கோர்ட்டு, போலீசு, சத்தம்? நீயாவே வீட்டக் குடுத்துடறேன்னு ஒரு கையெழுத்துப் போடு. வியாழக்கெழம யாரும் வரமாட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோ. வேலையும் இருக்கும். ரயில்ல ஒரு மணி நேரத்துல ஒரு ஊர்ல எங்க ஆளுங்க தங்குற எடம் இருக்கு, உனக்கு ஒரு கட்டிலு.' நான் யோசிச்சேன். கேஸுன்னு ஒண்ணு பேர்ல இருந்தா நாளைக்குக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டா நோண்டுவானே. நம்ம ஊர்ல கோர்ட்டுப் படி ஏறுனாலே குடும்பத்துக்கு ஆகாதுன்னு வளந்தவன் நான். பெப்பா போன்ல சொல்லத்தான் செஞ்சா, வீட்டு வழக்குக்கும் குடியுரிமைக்கும் சம்பந்தமே இல்ல, பயப்படாதன்னு. ஆனா பயம் கேக்குதா?

இந்தத் தடவ முழுசாப் படிச்சேன் தம்பி. ஒவ்வொரு வரியும் படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்.

கீழ இருக்கறவங்களுக்குத் தெரியாது. செவ்வாய்க்கெழமையே சொல்லியிருக்கலாம். போன எடுத்தேன், பெப்பா அதுக்குள்ள பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்லிட்டா. எப்படிச் சொல்ல? கிளாரா வேற நேத்து மெசேஜ் அனுப்புதா, 'நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தர் வீடு பாக்க வாராரு.' நாளைக்கு வேண்டாம் மேடம்னு எழுதி, அழிச்சுட்டு, சரின்னு அனுப்புனேன். வேலை இருக்கணும்ல.

மணி என்ன? பதினொண்ணரையா? கேளுங்க, சத்தம் மாறுது. ஜன்னல்கிட்டப் போகாதிய, திரைக்குப் பின்னால நின்னு பாருங்க. கோர்ட்டு ஆளு வரலன்னதும் ஜெயிச்சுட்டம்னு நெனைக்காவ. கட்டிப்பிடிக்காவ. ஹாலந்துக்காரி அழுதா. அந்தா, பெப்பா எந்திரிச்சுட்டா. ஊன்றுகோல் இல்லாம நிக்கா, கோட்டிக்காரி, விழப்போறா. மேல பாத்துக் கூப்பிடுதா. 'ரொட்ரிகோ, எறங்கி வா!'ன்னு. எப்பவும் தாசன்னுதான் கூப்பிடுவா. இன்னைக்கு ஊருக்காக ரொட்ரிகோங்கா.

நான் போகமாட்டேன் தம்பி. என்னால முடியாது. படி எறங்கி அந்த மொகத்துக்கு முன்னால நின்னேன்னா, எல்லாத்தையும் சொல்லிருவேன்.

நீங்க போங்க. எப்படியும் போகத்தானே வேணும்? வீடு உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு மொகத்துலயே தெரியுது, கிளாரா கேட்டா அப்படியே சொல்லுதேன். ஒண்ணாந்தேதி சாவி குடுத்துருவேன், சுத்தமா இருக்கும், அடுப்பெல்லாம் தேய்ச்சு வைப்பேன். ஒப்பந்தம் எத்தன மாசம்னு பாத்துக்கிடுங்க. பாத்துட்டியளா? அதே பதினோரு மாசந்தானா? சரி, உங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு வேலைன்னா அத அவங்ககிட்டப் பேசிக்கிடுங்க.

கீழ யாருன்னு கேட்டா வீடு பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லிராதிய. ரொட்ரிகோவோட தம்பின்னு சொல்லுங்க, ஊர்லேருந்து வந்திருக்கேன்னு. அண்ணன் தல வலின்னு படுத்திருக்காருன்னு சொல்லுங்க. நம்பிருவாவ, நம்ம மொகத்தப் பிரிச்சுப் பாக்க அவங்களுக்கு வராது. உங்களுக்கும் கைதட்டுவாவ. பெப்பா நொண்டிக்கிட்டே வந்து உங்களக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுப்பா. வெக்கப்பட்டு வெலகிறாதிய. வாங்கிக்கிடுங்க தம்பி, அது எனக்குன்னு அவ குடுக்கறது.